டெல்லியிலிருந்து ஏழாயிரம்பண்ணை எவ்வளவு தூரம்? ஒரே பயணத்துக்கு மூணு தூரம் இருக்கு!



2016-ல் நான் ஆடிட் வேலைக்காக குருகிராமில் இருந்தேன். ஒரு நாள் காலையில் அஞ்சரை மணிக்கு சித்தப்பா போன் பண்ணினார். அப்பத்தா தவறிட்டாங்க. "ஏப்பா, எப்ப வந்து சேருவ? வெளிச்சம் இருக்கும்போதே எடுக்கணும்"னு கேட்டார். நான் போனில் மேப்பைத் திறந்து பார்த்தேன். டெல்லிக்கும் மதுரைக்கும் நேர்கோட்டில் 2,100 கிலோமீட்டர்கூட இல்லை. விமானத்தில் மூணு மணி நேரம். "மத்தியானம் ரெண்டு மணிக்கு வீட்டில் இருப்பேன் சித்தப்பா"ன்னு சொல்லிட்டேன்.

வீட்டு வாசலில் நான் இறங்கும்போது ராத்திரி எட்டரை. எனக்காக ஆறு மணி வரைக்கும் வைத்திருந்து, அப்புறம் எடுத்துட்டாங்க.

அன்னைக்கு எனக்குப் பணமும் பத்தாமல் இல்லை, டிக்கெட்டும் கிடைக்காமல் இல்லை. நான் தப்பான தூரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டதுதான் பிரச்சினை. வீட்டிலிருந்து ஏர்போர்ட், மும்பையில் மாறுவதற்குக் காத்திருந்தது, மதுரையிலிருந்து எங்க ஊர் வரைக்கும் ரோடு, இது எதுவுமே அந்த 2,100-க்குள் இல்லை.

ஏழாயிரம்பண்ணை, சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கத்திலிருந்து படித்து வெளியே போய், பெங்களூரு, ஹைதராபாத், டெல்லின்னு சம்பள வேலையில் இருக்கிற தம்பி தங்கைகள் நிறைய பேர் நம்ம சேனலைப் பார்க்கிறீங்க. ஊருக்குப் போய் வர்ற செலவு உங்க பட்ஜெட்டில் சின்ன விஷயம் இல்லை. அதனால் இன்னைக்கு ஒரே பயணத்துக்குள் இருக்கிற மூணு தூரங்களைப் பார்த்துடலாம்.

1. வானத் தூரம்

கூகுளில் ரெண்டு ஊர் பேரைப் போட்டு "ஏர் டிஸ்டன்ஸ்"னு தேடினால் வர்ற எண் இது. பூமி உருண்டை என்பதால் அதன் மேல்பரப்பில் ரெண்டு புள்ளிகளுக்கு நடுவே போடக்கூடிய மிகக் குறுகிய கோட்டின் நீளம்.

ஒரு சுவாரசியமான விஷயம். டெல்லி, பெங்களூரு, ஏழாயிரம்பண்ணை மூணுமே கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில், அதாவது 77 டிகிரி கிழக்குக்கும் 78-க்கும் நடுவில் இருக்கு. டெல்லியிலிருந்து ஸ்கேல் வைத்துத் தெற்கே கோடு போட்டால் பெங்களூரைத் தொட்டு, நம்ம ஊர்ப் பக்கம்தான் வந்து நிற்கும்.

- டெல்லி – ஏழாயிரம்பண்ணை நேர்கோடு: சுமார் 2,150 கி.மீ.
- பெங்களூரு – ஏழாயிரம்பண்ணை நேர்கோடு: சுமார் 415 கி.மீ.

இதிலிருந்து ஒரு விஷயம் புரியும். டெல்லியிலிருந்து பெங்களூரில் மாறி மதுரைக்கு வந்தால், நேரடி விமானத்தைவிடக் கூடுதல் தூரம்னு பெரிதாக ஒன்னும் இல்லை, ஏன்னா பெங்களூரு வழியிலேயே இருக்கு. சென்னையில் மாறினால் சுமார் 100 கி.மீ. கூடும். மும்பையில் மாறினால் 200 கி.மீ.க்கு மேல் சுற்று. ஆனால் 200 கி.மீ. என்பது விமானத்துக்குக் கால் மணி நேரம்தான். அன்னைக்கு என்னைக் கவிழ்த்தது அந்தச் சுற்று இல்லை, மும்பையில் உட்கார்ந்திருந்த மூணு மணி நேரம்.

2. சாலைத் தூரம்

சாத்தூர் வழியாகப் போகிற நாலு வழிச்சாலை, ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிற தேசிய நெடுஞ்சாலை 44. டெல்லி, ஆக்ரா, குவாலியர், நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரு, சேலம், திண்டுக்கல், மதுரை, விருதுநகர், சாத்தூர்னு ஒரே ரோடு.

- டெல்லி – ஏழாயிரம்பண்ணை ரோடு: சுமார் 2,650 முதல் 2,700 கி.மீ.
- பெங்களூரு – ஏழாயிரம்பண்ணை ரோடு: சுமார் 525 கி.மீ.

ரெண்டையும் நேர்கோட்டுத் தூரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்க. ரெண்டுமே கிட்டத்தட்ட கால் பங்கு அதிகம். இதை ஒரு கைக்கணக்காக வைத்துக்கலாம்: நல்ல நெடுஞ்சாலை இருக்கிற இடத்தில், வானத் தூரத்தை 1.25-ஆல் பெருக்கினால் சாலைத் தூரம் ஓரளவுக்கு வந்துடும். மலையோ கடலோ குறுக்கே இருந்தால் இன்னும் கூடும்.

ரயில் இதைவிடக் கொஞ்சம் சுற்று. டெல்லியிலிருந்து மதுரை வழியாகத் தெற்கே வர்ற ரயில்கள் போபால், நாக்பூர், விஜயவாடான்னு கிழக்கே போய், சென்னைப் பக்கம் வந்து, விழுப்புரம், திருச்சி வழியாக மறுபடி தென்மேற்கே திரும்புது. சாத்தூர் வந்து சேரும்போது 2,700 கி.மீ.யைத் தாண்டிடும்.

தூரம் கூடினால் காசு கூடுமா?

ரயிலில் ஆமாம். ரயில் கட்டணம் கிலோமீட்டர் கணக்கில்தான் போடுறாங்க. ஆனால் தூரம் கூடக் கூட, ஒரு கிலோமீட்டருக்கான விலை குறைந்துகொண்டே வரும். அதனால்தான் நீண்ட தூரத்துக்கு ரயில் இவ்வளவு மலிவாகத் தெரியுது.

விமானத்தில் தூரத்துக்கும் காசுக்கும் நேரடித் தொடர்பு குறைவு. எந்த நாள், எத்தனை சீட் பாக்கி, எத்தனை நாள் முன்னாடி எடுக்கறீங்க, இதுதான் விலையைத் தீர்மானிக்குது. கொரோனா காலத்தில் 2020 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை அரசு உள்நாட்டு விமானக் கட்டணத்துக்கு வரம்பு வைத்தது ஞாபகம் இருக்கா? அப்பக்கூட கிலோமீட்டரை வைத்துப் பிரிக்கவில்லை. 40 நிமிடத்துக்குள், 40 முதல் 60 நிமிடம்னு பறக்கிற நேரத்தை வைத்துத்தான் ஏழு பிரிவாகப் பிரித்தாங்க.

அப்ப நாம எதை வைத்து முடிவு எடுக்கணும்? மிச்சமாகிற ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு காசு கொடுக்கிறோம், இதுதான் கேள்வி. கணக்கு ரொம்ப எளிது:

(விமானத்தில் மொத்தச் செலவு – பஸ் அல்லது ரயிலில் மொத்தச் செலவு) ÷ மிச்சமாகும் மணி நேரம்

"மொத்தம்" என்பது வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும். கீழே இருக்கிற கட்டணங்கள் உதாரணத்துக்குத்தான். நீங்க போற தேதிக்கு உங்க எண்ணைப் போட்டுக்கோங்க.

*பெங்களூரு – ஏழாயிரம்பண்ணை*

- விமானம்: டிக்கெட் 4,500 + பெங்களூரு ஏர்போர்ட் கேப் 1,200 + மதுரையிலிருந்து ஊருக்கு டாக்ஸி 2,300 = 8,000 ரூபாய். நேரம்: கேப் ஒன்றரை மணி, ஏர்போர்ட்டில் ஒன்னே முக்கால், விமானம் ஒன்னே கால், இறங்கி வெளியே வர அரை, ரோடு ரெண்டு. மொத்தம் 7 மணி நேரம்.
- ஸ்லீப்பர் பஸ்: டிக்கெட் 1,300 + இந்தப் பக்கம் அந்தப் பக்கம் 200 = 1,500 ரூபாய். நேரம்: பத்தரை மணி.

வித்தியாசம் 6,500 ரூபாய். மிச்சம் மூன்றரை மணி நேரம். அதாவது ஒரு மணி நேரத்துக்கு சுமார் 1,850 ரூபாய். கைக்கு 50,000 சம்பளம் வாங்கறவருக்கு ஒரு மணி நேர உழைப்பின் மதிப்பு (மாதம் 176 மணி நேரம்னு வைத்தால்) சுமார் 285 ரூபாய். அதுவும் பஸ்ஸில் போகிற நேரம் தூங்கற நேரம். நாகர்கோவில் போகிற ராத்திரி ரயிலும் சாத்தூர் வழியாகத்தான் போகுது. அதனால் பெங்களூருக்கு விமானம் எடுக்கிறது பெரும்பாலும் லாபம் இல்லை.

*டெல்லி – ஏழாயிரம்பண்ணை*

- விமானம்: டிக்கெட் 9,000 + டெல்லி கேப் 700 + மதுரை டாக்ஸி 2,300 = 12,000 ரூபாய். ஒரு இடத்தில் மாறினாலும் வீட்டுக்கு வீடு சுமார் 12 மணி நேரம்.
- ரயில் மூணாம் ஏசி: டிக்கெட் 2,800 + சாப்பாடு 1,000 + மற்றது 200 = 4,000 ரூபாய். வீட்டுக்கு வீடு சுமார் 48 மணி நேரம்.

வித்தியாசம் 8,000. மிச்சம் 36 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு சுமார் 220 ரூபாய். அதே 50,000 சம்பளக்காரருக்கு இது அவரோட மணி நேர மதிப்பைவிடக் குறைவு. போக வர மூணு நாள் லீவும் மிச்சம். இங்கே விமானம் ஆடம்பரம் இல்லை.

பார்த்தீங்களா? ஒரே ஊர், ஒரே ஆள், ஒரே சூத்திரம். ஆனால் பதில் நேர் எதிர்.

ஒரு சின்ன டிப்: மதுரை ஏர்போர்ட், வாகைகுளத்தில் இருக்கிற தூத்துக்குடி ஏர்போர்ட், ரெண்டுமே எங்க ஊரிலிருந்து சுமார் 80, 90 கி.மீ.தான். டிக்கெட் எடுக்கும்போது ரெண்டையும் தேடிப் பாருங்க. பகலில் இறங்கினால், திருமங்கலம் போய் சாத்தூர் பஸ் பிடித்தால் அந்த 2,300 ரூபாய் டாக்ஸிச் செலவு சில நூறுகளில் முடிந்துடும்.

இன்னொன்னு. ஆபீஸில் எல்லாரும் "உங்க ஊர் பட்டாசு ஊராச்சே, வரும்போது ஒரு பெட்டி கொண்டு வாங்க"ன்னு கேட்பாங்க. விமானத்தில் எந்த லக்கேஜிலும் பட்டாசு கூடாது. ரயிலிலும் கூடாது. ரயில்வே சட்டம் 1989, பிரிவு 164-ன்படி மூணு வருஷம் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, ரெண்டுமோ கிடைக்கலாம். நம்ம பையன்களுக்கு இதைக் கண்டிப்பாச் சொல்லி வைங்க.

3. வரித் தூரம்

இப்ப என் ஏரியாவுக்கு வந்துட்டோம். சம்பளச் சீட்டில் எல்.டி.ஏ.ன்னு ஒரு வரி இருக்கும், பாருங்க. லீவில் இந்தியாவுக்குள் எங்கேயாவது போய் வந்தால், அந்தப் பயணக் கட்டணத்துக்கு வரி விலக்கு. 2026 மார்ச் வரை இதற்கான சட்டம், வருமான வரிச் சட்டம் 1961, பிரிவு 10(5), கூடவே விதி 2பி. சொந்த ஊருக்குப் போனாலும் இது பொருந்தும்.

இந்த விதியில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும்: மிகக் குறுகிய வழி.

- விமானத்தில் போனால்: குறுகிய வழியில், தேசிய விமான நிறுவனத்தின் எகானமி கட்டணம் வரைக்கும்தான் விலக்கு.
- ரயில் வசதி இருக்கிற இடத்துக்கு விமானம் தவிர வேறு எதில் போனாலும், கார் உட்பட: குறுகிய வழியில், ஏசி முதல் வகுப்பு ரயில் கட்டணம் வரைக்கும்.
- ரயில் இல்லாத இடம், ஆனால் அங்கீகரிக்கப்பட்ட பொதுப் போக்குவரத்து இருக்கு: அதன் முதல் வகுப்பு அல்லது டீலக்ஸ் கட்டணம் வரைக்கும்.
- ரெண்டுமே இல்லைன்னா: ரயிலில் போயிருந்தால் அந்தத் தூரத்துக்கு என்ன ஏசி முதல் வகுப்புக் கட்டணமோ, அது வரைக்கும்.

எல்லாவற்றிலும் நீங்க உண்மையில் செலவழித்த தொகையைத் தாண்டாது. ஹோட்டல், சாப்பாடு, ஊர் சுற்றின ஆட்டோ, இதுக்கெல்லாம் விலக்கு கிடையாது. ஏர்போர்ட்டிலிருந்து ஊருக்கு எடுத்த டாக்ஸியையும் நிறைய ஆபீஸ்களில் ஒத்துக்க மாட்டாங்க. அதை உங்க கைக்காசுன்னே வைத்துக் கணக்குப் போடுங்க.

நாலு ஊர் சுற்றிப் போனால்? கிளம்பின இடத்திலிருந்து நீங்க போன மிகத் தூரமான இடம் வரைக்கும், குறுகிய வழியில் என்ன கட்டணமோ அதுதான் கணக்கு. டெல்லியிலிருந்து கோவா போய் நாலு நாள் இருந்துட்டு மதுரை வந்தால், டெல்லி – மதுரைக் கட்டணம் வரைக்கும்தான் விலக்கு.

இது எவ்வளவு சீரியஸ்னு தெரிஞ்சுக்க ஒரு வழக்கு. ஸ்டேட் வங்கி ஊழியர் ஒருவர் போன வழி இது: டெல்லி – மதுரை – கொழும்பு – கோலாலம்பூர் – சிங்கப்பூர் – கொழும்பு – டெல்லி. நம்ம மதுரைதான்! "போய்ச் சேர வேண்டிய ஊர் இந்தியாவுக்குள்தான் இருக்கு, நாங்க கொடுத்ததும் இந்தியாவுக்குள் குறுகிய வழிக்கான தொகைதான்"னு வங்கி வாதாடியது. 2022 நவம்பர் 4-ல் உச்ச நீதிமன்றம் ஒத்துக்கவில்லை. இந்தச் சலுகை இந்தியாவில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போறதுக்குத்தான், வெளிநாடு சுற்றி வர்றதுக்கு இல்லை, குறுகிய வழி என்கிற நிபந்தனையும் மீறப்பட்டிருக்குன்னு சொல்லிடுச்சு. வரி பிடிக்காமல் விட்டது வங்கியின் தவறுன்னு முடிந்தது. அதனால்தான் இப்ப உங்க ஆபீஸ் பேரோல் டீம் டிக்கெட்டையும் போர்டிங் பாஸையும் இவ்வளவு உற்றுப் பார்க்கிறாங்க.

டிசம்பர் 31 ஏன் முக்கியம்?

எல்.டி.ஏ. நாலு வருஷ பிளாக் கணக்கில் ஓடுது. 2022 முதல் 2025 வரை ஒரு பிளாக். இது நிதியாண்டு இல்லை, காலண்டர் ஆண்டு. மார்ச் வரை நேரம் இருக்குன்னு நினைக்காதீங்க. ஒரு பிளாக்கில் ரெண்டு பயணத்துக்கு விலக்கு. எடுக்காமல் மீதி இருந்தால், ஒரே ஒரு பயணத்தை மட்டும் அடுத்த பிளாக்கின் முதல் வருஷமான 2026-க்குக் கொண்டு போகலாம். ரெண்டுமே மீதின்னா ஒன்னு போயிடும்.

நீங்க கட்டாயம் பயணம் பண்ணியிருக்கணும், அதுவும் லீவு எடுத்து. கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், உங்களைச் சார்ந்திருக்கிற அப்பா அம்மா, உடன்பிறந்தவங்க, இவங்க கட்டணமும் சேரும். டிக்கெட்டை ஆபீஸுக்குக் கொடுக்கணும்.

ஆனால் முக்கியமான ஒரு விஷயம்: இது பழைய வரி முறையில் இருக்கிறவங்களுக்கு மட்டும்தான். புதிய முறையில் எல்.டி.ஏ. விலக்கு கிடையாது. 2025-26 நிதியாண்டில் புதிய முறையில் 12.75 லட்சம் வரை சம்பளம் மட்டும் இருக்கிறவங்களுக்கு வரியே வராது. எல்.டி.ஏ.வுக்காக மட்டும் பழைய முறைக்குப் போகாதீங்க. 22,000 ரூபாய் டிக்கெட்டைக் காட்டினால், 20 சதவீத வரம்பில் இருக்கிறவருக்கு செஸ்ஸோடு மிச்சமாகிறது 4,576 ரூபாய். நல்ல காசுதான், ஆனால் வரி முறையையே மாற்றுகிற அளவுக்கு இல்லை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம், 2025 தான் நடைமுறை. அதிலும் இந்த விலக்கு தொடருது.

கடைசியா, ஒரு தனி அக்கவுன்ட்

எங்க ஊர்ப் பக்கம் நேரம் கெட்ட நேரத்தில் போன் அடித்தால் மனசு பதறும். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆலைன்னு வீட்டுக்கு ஒருத்தராவது வேலைக்குப் போகிற ஊர். வெளியூரில் இருக்கிற பிள்ளைகளுக்கு அந்தப் பயம் எப்பவும் இருக்கும்.

அதனால் உங்க எமர்ஜென்சி ஃபண்டுக்குள் "ஊருக்குப் போக"ன்னு ஒரு தொகையைத் தனியா வைங்க. எவ்வளவு? நாளைக்குக் காலையில் கிளம்பற மாதிரி இன்னைக்கு டிக்கெட் விலையைத் தேடிப் பாருங்க. அதோட ரெண்டு பக்க டாக்ஸியையும் சேருங்க. போக வர அந்தத் தொகை. ஃபிக்சட் டெபாசிட்டில் பூட்ட வேண்டாம், சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும்.

கூடவே ஒரு பேப்பரில் எழுதி வைங்க: உங்க ரூமிலிருந்து ஊர் வீட்டு வாசல் வரைக்கும் வேகமான வழி எது, முதல் விமானம் எத்தனை மணிக்கு, எங்கே மாறணும், மொத்தம் எத்தனை மணி நேரம். அன்னைக்கு என்கிட்ட அந்தப் பேப்பர் இருந்திருந்தால், சித்தப்பாகிட்ட "ராத்திரி ஆயிடும், நீங்க எடுத்துடுங்க"ன்னு காலையிலேயே சொல்லியிருப்பேன். வெயிலில் அவ்வளவு சனமும் எனக்காகக் காத்திருந்திருக்க வேண்டாம்.

இந்த மூணு தூரத்தையும் உங்க ஊருக்கு ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்க. வெளியூரில் வேலை பார்க்கிற உங்க நண்பர்களுக்கும் அனுப்புங்க. அடுத்த வீடியோவில் பழைய முறையா புதிய முறையான்னு உங்க சம்பளச் சீட்டை வைத்தே பார்ப்போம்.